நாவுக்கு ஒரு கல்வி

பேசக் கற்பதற்கும் ஒரு பட்டமா என்று கேட்போர் உண்டு. தாய்மடியிலே வந்த பேச்சுக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்பது அவர்தம் ஏளனம். அதனினும் கூரிய கேள்வி ஒன்றுண்டு. ஒரு பொருளை இன்று ஆதரித்தும், நாளை அதனையே எதிர்த்தும் வாதிட மாணவனைப் பழக்குகிறார்களே, இது நாவை விலைபேசக் கற்பிக்கும் கல்வியன்றோ?

கேள்வி பழையது. கூலிக்கு நாவன்மை கற்பித்தோரைக் கிரேக்க அறிஞர் பிளேட்டோ கடிந்தார். அவர் மாணவர் அரிஸ்டாட்டிலோ, அக்கலைக்கே இலக்கணம் வகுத்தார். இரு தரப்பையும் வாதிடத் தெரிய வேண்டும், தீமையை ஏற்கச் செய்வதற்காக அன்று, உண்மையைத் தெளியவும் பொய்வாதத்தை முறிக்கவுமே என்றார். எவர் சொன்னது சரி? ஏட்டை மூடிவிட்டு, நாட்டில் நடந்ததைக் காண்போம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து மார்ஷல் நகரில், 1873இல் எழுந்தது வைலி கல்லூரி. அடிமைத்தளை அறுபட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கென அமைந்த சிறு கல்லூரி. இன்று பல்கலைக்கழகம் எனப் பெயர் பூண்டும் சிறியதாகவே இருக்கிறது. அங்கே 1920களில் மெல்வின் டால்சன் என்னும் ஆசிரியர், ஆங்கிலத்தோடு பேச்சுக்கலையும் கற்பித்தார், வாதப் படையொன்றும் அமைத்தார். வெள்ளையர் அமரும் இருக்கையில் கறுப்பர் அமரக்கூடாத நாள் அது. அந்நாளில், 1935இல், நாடறிந்த வாகையரான தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை வைலியின் மாணவர்கள் வாதில் வென்றனர்! ஆனால், தேசிய வாதக் கழகம் கறுப்பினக் கல்லூரிகளுக்குக் கதவடைத்திருந்தது. அதனால் வென்றவர்க்கு வாகைப் பட்டம் இல்லை. நாவுக்கு நிறம் இல்லை, நாட்டாமைக்கு இருந்தது!

அப்படையில் பயின்றவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஃபார்மர். 1942இல் இனச் சமத்துவப் பேரவையை நிறுவியவர்களுள் ஒருவரானார். 1961இல் விடுதலைப் பயணத்தை நடத்திச் சிறை புகுந்தார். எந்தப் பக்கமும் வாதிடப் பயின்றவர், ஏன் எந்தப் பக்கமும் விலைபோகவில்லை? ஆசிரியரைப் பார்த்தால் விடை கிடைக்கும். வகுப்பறையில் இரு தரப்பையும் அலசச் சொன்ன டால்சன், வெளியே வந்தால் ஒரே தரப்பில் நின்றார். கறுப்பரும் வெள்ளையருமான குத்தகை உழவர்களை ஒன்றுதிரட்ட முனைந்தார். பயிற்சிக் கூடத்தில் வாள் எத்திசையும் சுழலும். போர்க்களத்தில் அது எவருக்காக உயர்கிறது என்பதே அறம்.

ஆகவே, எதிர்த்தரப்பை வாதிடப் பயில்வது நெஞ்சை விற்பதன்று, நெஞ்சைச் சோதிப்பது. எதிரியின் வாதத்தை அவனே தலையசைக்கும் வண்ணம் எடுத்துரைக்கத் தெரியாதவன், தன் கொள்கையை ஆராய்ந்து பெற்றவன் அல்லன். பாட்டன் தந்த நெற்றிக்குறியைச் சுமப்பவனுக்கும், கூட்டம் தந்த முழக்கத்தைச் சுமப்பவனுக்கும் என்ன வேறுபாடு? இருவரும் கேட்டதைச் சுமப்பவரே. பகுத்தறிவு என்பது முடிவின் பெயரன்று, முடிவுக்கு வந்த வழியின் பெயர்.

இடர் இல்லை என்று நாம் கூறவில்லை. வெற்றியே குறியாகிவிட்டால், வாதம் வழக்காடுவோர் வித்தையாய்ச் சுருங்கும். கைத்தட்டலுக்குப் பழகிய காது, மறுப்பைக் கேட்க மறுக்கும். அதனாலன்றோ வள்ளுவர், சொல்வன்மைக்கும் அவையஞ்சாமைக்கும் அதிகாரம் வகுத்ததோடு, கேள்விக்கும் ஓர் அதிகாரம் தந்தார்! பேசக் கற்பிக்கும் கல்வி, கேட்கக் கற்பிக்காவிட்டால் அரைக் கல்வியே.

இளந் தோழர்களே! மேடையால் வளர்ந்த இயக்கம் நம்முடையது. அடுக்குச் சொல்லுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. படிப்பகங்களில் வாரம் ஒருநாள் வாத அரங்கு கூட்டுங்கள். கடவுள் உண்டு என்பாரின் தரப்பை நம்மவர் ஒருவரே முழு வலிமையோடு எடுத்துரைக்கட்டும், மற்றவர் மறுக்கட்டும். அங்கே நம் வாதம் தள்ளாடுமானால், தெருவில் விழுவதற்கு முன் அறிந்தோம் என்று மகிழ்வோம். தள்ளாடாது நிற்குமானால், அதன் பிறகே அது நம் கொள்கை. அரங்கில் எத்தரப்பும் பேசுவோம். மக்கள்முன் மனமறிந்த உண்மையை மட்டுமே பேசுவோம்.