கடற்கரையில் ஆறு யோசனை

(தஞ்சோங் டாவாய் வட்டார ஆலயம் ஒன்றில் புரட்டாசிச் சனிக்கிழமை ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புரட்டாசி மாதத்தில் என்னைத் தஞ்சோங் டாவாய்ப் பக்கம் பேசக் கூப்பிட்டது ஆலய நிர்வாகம் எனக்கு வைத்த சோதனை. சுங்கைப்பட்டாணியிலிருந்து செமிலிங் வழியாக வந்தால், கடல் கண்ணில் படும் முன்பே கருவாட்டு வாசம் வந்துவிடுகிறது. கூட வந்த அன்பர் சும்மா இருக்கவில்லை. "சாமி, நெத்திலி வாங்கினா முதல் கடையில வாங்காதீங்க. நாலு கடை தள்ளிப் போங்க, அங்கதான் உப்பு கம்மி" என்றார். எனக்கோ விரதம். நெத்திலியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆனாலும் யோசனை வந்து சேர்ந்துவிட்டது.

நம் சனங்கள் அப்படித்தான். தாமானில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாலு வீட்டுக்காரர்கள் நாலு யோசனை சொல்வார்கள். தொட்டி மாற்று என்பார் ஒருவர், மோட்டார் போடு என்பார் இன்னொருவர். பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் போடுவதா, வேறு பள்ளியில் போடுவதா என்று கேட்டால் பொழுது விடியும்வரை பேசுவார்கள். கல்யாண மண்டபம், கார் மெக்கானிக், முழங்கால் வலித் தைலம், குத்துச் சீட்டு என்று எதற்கும் பக்கத்து வீட்டில் ஒரு கருத்து தயாராக இருக்கும்.

இந்தப் பேச்சை ஆன்மீகவாதிகள் பெரும்பாலும் வம்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஒரே கூரை, வரிசையாக வீடுகள், நடுச்சுவர் பல இடங்களில் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மூன்றாவது வீட்டுக் கிழவி ஓமத்தை வறுக்க ஆரம்பித்துவிடுவாள். பிரட்டுக்குப் போகிற நேரத்திலும், தண்ணீர்க் குழாயடியிலும், ஆயாக்கொட்டகை வாசலிலும் கைமாறிய சொற்களை வைத்துத்தான் இரண்டு மூன்று தலைமுறை பிழைத்தது. தோட்டங்கள் துண்டு துண்டாகி வீடமைப்புப் பகுதிகளான பிறகு, கிரில் கதவுக்குள்ளே போய்விட்டோம். சுவர் முழுசாகிவிட்டது. பேச்சு மட்டும் வாட்ஸ்அப்பில் ஏறி வந்துகொண்டிருக்கிறது.

ஆக, இத்தனை பேர் சொல்வதை என்ன செய்வது? இராமாயணத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அதுவும் கடற்கரையில் நடக்கிறது.

இலங்கையில் அண்ணன் இராவணனுக்கு நல்லது சொன்னான் விபீஷணன். ஏச்சுதான் மிச்சம். நான்கு துணைவர்களோடு கடலைக் கடந்து வந்து இராமனிடம் அடைக்கலம் கேட்கிறான். இராமன் உடனே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூட இருந்தவர்களின் கருத்தைக் கேட்கிறான்.

வால்மீகி ஆறு பேரைப் பேச வைக்கிறார். பகைவனின் தம்பி, இவனைக் கொன்றுவிடலாம் என்கிறான் சுக்ரீவன். சோதித்துப் பார்த்துச் சேர்க்கலாம் என்பது அங்கதன் பேச்சு. ஒற்றனை வைத்து அறியலாம் என்கிறான் சரபன். வந்த நேரமும் இடமும் சரியில்லை என்று சந்தேகப்படுகிறார் ஜாம்பவான்; வயதானவர், நிறையப் பார்த்தவர். பக்குவமாகக் கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்பவன் மைந்தன். கடைசியில் அனுமன்.

அனுமன் பேசும் முறையைக் கவனிக்க வேண்டும். முன்னால் பேசியவர்களை முட்டாள்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் சொன்ன வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறான். வேலை கொடுக்காமல் ஒருவனை எப்படிச் சோதிப்பது? வந்த உடனே வேலை கொடுப்பதும் தவறாயிற்றே! தூரத்தில் இருப்பவனை அறியத்தான் ஒற்றன் வேண்டும், இவன் எதிரிலேயே நிற்கிறானே! நேரம் தவறு என்கிறீர்கள். இராவணனின் தீமையையும் இராமனின் வலிமையையும் எடைபோட்டு வருகிறவனுக்கு இதைவிட வேறு நேரம் எது? இவன் குரலில் வஞ்சகம் தெரியவில்லை, என் அறிவுக்குப் பட்டதைச் சொன்னேன், முடிவு உங்களுடையது என்று நிறுத்திக்கொள்கிறான்.

முடிவு உங்களுடையது என்ற அந்தச் சொல் எத்தனை பேர் வாயில் வரும்? நம்மில் பலருக்கு யோசனை சொல்வதோடு வேலை முடிவதில்லை. சொன்னபடி செய்தானா என்று மறுநாள் வந்து எட்டிப் பார்க்க வேண்டும். செய்யவில்லை என்றால் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டோம்.

அனுமன் பேசி முடித்ததும், நட்பு நாடி வந்தவனைக் குற்றம் இருந்தாலும் கைவிட மாட்டேன் என்கிறான் இராமன். சுக்ரீவன் விடவில்லை. ஆபத்தில் சொந்த அண்ணனையே விட்டு வந்தவன் நாளை யாரைத்தான் விடமாட்டான் என்று மறுபடி கேட்கிறான். நியாயமான கேள்விதானே? இராமன் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறான், வேடனுக்குத் தன் உடலையே உணவாகக் கொடுத்த புறாவின் கதையையும் சொல்கிறான். வந்தவன் இராவணனாகவே இருந்தாலும் அபயம் கொடுத்துவிட்டேன், அழைத்து வா என்கிறான். யாரிடம் தெரியுமா? சுக்ரீவனிடமே! கொல்ல வேண்டும் என்று சொன்னவனைத்தான் அழைத்துவரச் சொல்கிறான். தோற்ற கருத்துக்காரரை ஓரத்தில் உட்கார வைக்கவில்லை. குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளிநடப்பு செய்கிற அன்பர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் படிக்கலாம்.

இதற்குப் பிறகு நடப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சேர்த்துக்கொண்ட விபீஷணனிடம் கடலை எப்படிக் கடப்பது என்று கேட்கிறார்கள். சமுத்திர ராஜனைச் சரணடையலாம் என்று அவன் யோசனை சொல்கிறான். இராமன் தர்ப்பையைப் பரப்பிப் படுத்துவிட்டான். தமிழ்நாட்டில் திருப்புல்லாணிக்குப் போயிருந்தால் அந்தச் சயனக் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றல்ல, மூன்று இரவுகள். கடல் அசையவில்லை, அதன் அரசன் வரவும் இல்லை. புதிதாக வந்தவன் சொன்ன முதல் யோசனையே பலிக்கவில்லை!

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "உன் பேச்சைக் கேட்டதுக்கு இதுதான் பலன்" என்றிருப்போம். இராமனுக்குக் கோபம் வந்தது, வில்லை எடுத்தான், ஆனால் அம்பைக் குறிவைத்தது கடலின்மீது. விபீஷணன் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டவன் நான், ஏற்றவன் நான், விளைவும் என்னுடையது என்று எண்ணுகிறவனுக்குத்தான் யோசனை கேட்கும் தகுதி உண்டு. மற்றவர்கள் கேட்பது, நாளைக்குப் பழி போட ஓர் ஆளைத் தேடுவதற்காக.

சொல்கிறவருக்குப் பாடம் ஒன்றுமில்லையா என்றால், இருக்கிறது. அதற்கு இராமாயணம்வரை போக வேண்டாம், நம் மாவட்டமே போதும்.

1946, 47ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. வாங்கிய கூலி வீட்டு அடுப்புக்கு வருவதற்குள் அங்கே கரைந்துவிடும். அயல் வீட்டுக்காரனே அயல் வீட்டுக்காரனிடம் போய், அண்ணே வேண்டாம், பிள்ளைகள் பட்டினி என்று சொன்ன இயக்கம் அது. பெண்கள் பக்கபலமாக நின்றார்கள். நோக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அன்று நான் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன். ஆனால் சொல் போதவில்லை என்று தோன்றியபோது, குடித்தவரைப் பிடித்துத் தண்டிக்கிற பழக்கமும் சில இடங்களில் புகுந்தது. கள்ளுக்கடை மறியல் 1947இல் பீடோங்கில் போலீசோடு மோதலாக முடிந்தது, தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பிறகு டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு. அந்தச் சாவுகளுக்குப் பொறுப்பு வெள்ளைக்கார நிர்வாகத்தினுடையது, ஏழைச் சனத்தின்மீது அதைச் சுமத்த மாட்டேன். நான் சொல்ல வருவது வேறு. அடித்துத் திருத்தப்பட்டவன் அடிக்குத்தான் பயந்தான். அன்றைக்குக் கூடவே உட்கார்ந்து, கூலி நாளில் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்த பக்கத்து வீட்டுக்காரனால் திருந்தியவன்தான் நிலைத்திருப்பான்.

யோசனை சொல்லிச் சண்டை வந்தால் அதோடு உறவு முடிந்ததா? இந்த மெர்போக் ஆற்று முகத்தில், பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படி நினைக்கக்கூடாது. இந்த மண்தான் பழைய கடாரம். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை எழுப்பினார், இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை எழுதிக் கொடுத்தான். அவன் மகன் இராஜேந்திரன் 1025இல் அதே கடாரத்தின்மீது படையெடுத்தான். பிறகு 1090இல் கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி குலோத்துங்கன் அந்த விகாரைக்கு மறுபடியும் செப்பேடு வழங்கினான். கப்பல் விட்டு அடித்துக்கொண்டவர்களே திரும்பப் பேசினார்கள். நீங்கள் கார் நிறுத்துகிற இடத்துக்காக ஆறு வருடமாக எதிர்வீட்டில் பேசாமல் இருக்கிறீர்கள்.

அடுத்தது, சொல்லாமல் விடுவது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பந்தாய் மெர்டேக்காவைத் தாண்டி இருக்கிற கோத்தா கோலமூடாவைச் சுனாமி அலை அடித்தது நண்பகலுக்குப் பிறகு. இடையில் 3 மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆச்சேயில் ஊர்களே போய்விட்டன, புக்கெட்டிலும் அடித்துவிட்டது. இந்தக் கரையில் சனங்கள் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் கிடையாது. மலேசியா முழுவதும் 68 உயிர்கள் போயின. உடைந்த படகுகளை அடுக்கிக் கோத்தா கோலமூடாவில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை அமைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. தேவையில்லாத நூறு யோசனை தினமும் வீடு தேடி வருகிறது. தேவைப்பட்ட ஒரு சொல் அன்று வரவில்லை.

மருந்து, பணம் இந்த இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 18 பேருக்குச் சர்க்கரை நோய், நம் இனத்தில் அதைவிட அதிகம். "மாத்திரையை நிறுத்திட்டு இந்தக் கசாயத்தைக் குடிங்க" என்று சொல்லும் அன்பான அயலாரிடம் நன்றி சொல்லிக் கசாயத்தை வாங்கிக்கொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு டாக்டரே யோசனை சொல்கிறார். அதேபோல், போட்ட பணம் மூன்று மாதத்தில் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் மச்சானாக இருந்தாலும் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் மோசடிப் புகார்களுக்கான 997க்கு உடனே அழையுங்கள்.

சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் சில கையில் இருக்கின்றன.

ஒருவர், பக்கத்து வீட்டு மாமர இலை என் சாக்கடையில் விழுகிறது, சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார். சொல்லுங்கள், ஆனால் போன சீசனில் அந்த மரத்துப் பழத்தை வாங்கிச் சாப்பிட்டிருந்தால் துடைப்பத்தையும் கொண்டு போங்கள்.

இன்னொருவர், மகன் நான் சொல்வதைக் கேட்பதில்லை, பக்கத்து வீட்டு மாமா சொன்னால் கேட்கிறான் என்று வருத்தப்படுகிறார். அந்த மாமாவை இன்னும் நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள் ஐயா. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

மூன்றாவது சீட்டில் பெயர் இல்லை. எதிர்வீட்டு மருமகளை இரவில் அடிக்கிற சத்தம் கேட்கிறது, அவர்கள் குடும்ப விஷயம், தலையிடாதே என்று என் வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது.

அம்மா, இங்கே யோசனை கேட்க ஒன்றுமில்லை. குடும்ப வன்முறைக்கு எதிராக இந்த நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் பகலில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பாருங்கள், என் கதவு எந்த நேரமும் திறக்கும் என்று சொல்லுங்கள். 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணை அவளிடம் கொடுங்கள். சத்தம் மறுபடி கேட்டால் நீங்களே 999க்கு அழையுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால், மாதர் பகுதியிலிருந்து இரண்டு பேர் கூட வரத் தயார் என்று சற்று முன்புதான் சொன்னார்கள். வலதுபுறம் மஞ்சள் சேலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தீபாராதனைவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே போய் அவர்களிடம் பேசுங்கள்.