பெயரைக் காப்பதும் பேணுதலே

"என் மனம் சுத்தம், ஊர் என்ன பேசினால் எனக்கென்ன?" என்று இருந்துவிடுவோர் நம்மில் பலர். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வழி அதுவன்று.

ரமளானின் கடைசிப் பத்து. பள்ளியில் இஃதிகாஃப் இருந்த நபியவர்களைக் காண அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் இரவில் வந்தார்கள். சற்றுப் பேசியிருந்துவிட்டு எழுந்தபோது, வழியனுப்ப நபியவர்களும் எழுந்து பள்ளியின் வாயில்வரை வந்தார்கள். அவ்வழியே அன்ஸாரிகள் இருவர் ஸலாம் உரைத்து விரைந்து சென்றனர். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, உடனிருப்பவர் ஸஃபிய்யாவே என்று தெரிவித்தார்கள். இருவரும் பதறிப் போயினர். தங்களையா சந்தேகிப்போம்! ஷைத்தான் மனிதனுக்குள் இரத்தம்போல் ஓடுகிறான், உங்கள் உள்ளத்தில் அவன் ஏதும் போட்டுவிடக் கூடாதே என்று அஞ்சியதாக நபியவர்கள் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது.

கவனியுங்கள் சகோதரர்களே! அவ்விருவரும் எதுவும் கேட்கவில்லை. நபியவர்களே முந்திக்கொண்டார்கள். சொன்னதும் ஒரே வார்த்தை, கோபமில்லை.

ஜமாஅத் பணத்தைக் கையாளுபவர், பிறர் கேட்குமுன்பே வரவு செலவைப் பள்ளியின் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடட்டும். உங்கள் பெயரில், உங்கள் படத்துடன் எவனோ போலிக் கணக்குத் தொடங்கிப் பணம் கேட்கிறானா? அன்றே உற்றார் அனைவருக்கும் அறிவியுங்கள்; 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். (வெட்கப்பட வேண்டியவன் அவனல்லவா!)

விளக்கியும் வாய்கள் அடங்காவிட்டால்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது சுமத்தப்பட்ட அவதூறு ஏறக்குறைய ஒரு மாதம் மதீனாவில் சுற்றியது. அன்னையவர்கள் அழகிய பொறுமையைப் பற்றிக்கொண்டார்கள். அவர்களின் தூய்மையை அல்லாஹ்வே ஸூரத்துந் நூரில் அறிவித்தான். அதே இடத்தில், கேட்டுக்கொண்டிருந்தவர்களையும் அவன் விடவில்லை: செவியுற்ற உடனேயே நல்லெண்ணம் கொண்டு, இது பொய்யென்று சொல்லியிருக்க வேண்டாமா என்று கண்டித்தான்.