மறைப்பதும் அருளா?

சிவன் கோயிலில் அபிஷேகம் முடிந்ததும் கருவறை வாசலில் திரை விழுகிறது. உள்ளே அலங்காரம் நடக்கிறது. வெளியே கூட்டம் எட்டிப் பார்த்தபடி நிற்கிறது. நைவேத்தியத்துக்கும் அப்படியே. எங்கும் நிறைந்தவன் என்று சொல்லப்படுபவனுக்கு இரண்டு கஜம் துணி எதற்கு என்று ஒரு குழந்தை கேட்டால், "சாமி சாப்பிடுது, பேசாம நில்லு" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். கேள்வி அங்கே முடிந்துவிடக்கூடியது அல்ல.

சைவ சித்தாந்தம் இதை நேராகவே எதிர்கொண்டது. படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மூன்றோடு நிற்காமல் மறைத்தல், அருளல் என்ற இரண்டையும் சேர்த்து இறைவனுக்கு ஐந்தொழில் என்றது. நடராசர் திருவுருவில் உடுக்கை படைப்பு, அபயம் காட்டும் கை காப்பு, தீ அழிப்பு, தூக்கிய திருவடி அருள். காலடியில் கிடக்கும் முயலகன் மேல் அழுந்த ஊன்றிய திருவடிதான் மறைப்பு. ஆடும் உடலின் பாரம் முழுவதும் அந்தக் காலில்தான் நிற்கிறது.

ஏன் மறைக்க வேண்டும்? ஆணவ இருளில் கிடக்கும் உயிர் ஒரே பாய்ச்சலில் வெளிச்சத்துக்கு வந்துவிடாது. உலகில் வாழ்ந்து, வினைப்பயனை நுகர்ந்து, மெல்லப் பக்குவப்பட வேண்டும். இறைவன் தன்னை முழுதும் காட்டிவிட்டால் உலகத்தின் பக்கம் யார் திரும்புவார்? ஆகவே அவன் தன்னை மறைத்துக்கொண்டு உலகத்தைக் காட்டுகிறான். இந்த மறைக்கும் ஆற்றலுக்குத் திரோதான சக்தி என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தை ஒட்டி வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் மரபில் இது, உயிரைப் பிணிக்கும் ஆணவம் முதலிய மலங்களோடு சேர்த்து எண்ணப்படுவதுண்டு. ஆனால் அது நேர்ப்பொருளில் அல்ல, உபசாரமாகச் சொல்வது. உள்ளபடி அது அருளே என்பதில் சித்தாந்திகளுக்கு ஐயமில்லை. பக்குவம் வந்ததும் அதே சக்திதான் அருட்சக்தியாக விளங்கும்.

சிதம்பரத்தில் இந்தத் தத்துவத்தைத் துணியிலேயே பார்க்கலாம். சிற்சபையில் நடராசருக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்குகிறது: வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. விலக்கினால் பொன் வில்வ மாலைகள், அவற்றுக்குப் பின்னால் வெறும் வெளி.

வடலூரில் திரை ஒன்றல்ல, ஏழு. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று வள்ளலார் தொடங்கிய சத்திய ஞான சபையில் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு நிறம் என்ற வரிசையில் அவை தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சக்தி. கறுப்பு மாயா சக்தி. பொன் ஞான சக்தி. கடைசியில் உள்ள கலப்பு நிறம் சிற்சக்தி. தைப்பூசத்தன்று ஏழும் விலக, கண்ணாடிக்குப் பின்னே எரியும் தீபம் தெரிகிறது. உயிர் சோதியைக் காணத் தடையாக இருப்பவற்றின் அடையாளம் இத்திரைகள் என்பது வள்ளலார் வழிவந்த சன்மார்க்கத்தாரின் விளக்கம். கவனிக்க வேண்டியது, அவற்றில் ஒன்றுமே கிழிக்கப்படுவதில்லை என்பதுதான். முறையாக விலக்கப்படுகின்றன, பிறகு முறையாக மூடப்படுகின்றன. சபைக்குள் தூசு துடைத்து விளக்கேற்றுவது யார் என்பதற்கும் வள்ளலார் விதி எழுதிவைத்தார்: 12 வயதுக்கு உட்பட்ட சிறுவர் அல்லது 72 வயதைக் கடந்த பெரியவர், குளித்துச் சுத்தமாக, முழங்காலிட்டபடி. இவ்வளவு பெரிய தத்துவத்தைக் கட்டடமாக நிறுத்தியவர், அதன் தூசியைத் துடைப்பதையும் வழிபாட்டின் பகுதியாகவே கருதினார். நம் வீட்டுத் திரைகளை வருஷக்கணக்கில் துவைக்காமல் விடுபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

வீட்டுத் திரைக்கு நேரடியான அறநூல் போலப் பேசுவது இஸ்லாமிய மரபு. குர்ஆனின் அந்நூர் அத்தியாயம், பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று சலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்கிறது. சொந்த வீட்டுக்குள்ளேயும் வைகறைத் தொழுகைக்கு முன், ஆடை தளர்த்தும் நண்பகலில், இரவுத் தொழுகைக்குப் பின் என மூன்று வேளைகளில் பிள்ளைகளும் பணியாட்களும்கூட அனுமதி கேட்டே வர வேண்டும் என்கிறது. நபிகள் நாயகத்தின் வீட்டுக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்ததாகவும், அனுமதி கேட்கும் விதியே பார்வையை முன்னிட்டுத்தான் வந்தது என்று நபிகள் கண்டித்ததாகவும் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அதே தொகுப்பில் இன்னொரு செய்தி: நபிகளின் துணைவி ஆயிஷா அம்மையார் வீட்டில் உருவங்கள் வரைந்த திரை ஒன்றைத் தொங்கவிட்டார். பயணத்திலிருந்து திரும்பிய நபிகளுக்கு அது பிடிக்கவில்லை, அகற்றினார். அம்மையார் அந்தத் துணியைத் தலையணைகளாக்கிவிட்டார். எந்தத் துணியைத் தொங்கவிடுவது என்பது வெறும் ரசனை விஷயம் அல்ல, மனசாட்சியின் விஷயம் என்று கருதிய வீடு அது.

இதுவரை மறைப்பின் நல்ல முகம். அதற்கு ஒரு கொடிய முகமும் உண்டு. வங்காளத்தில் வாழ்ந்த ரோக்கேயா சகாவத் ஹுசைன் 1931இல் 'அவரோத்பாசினி' என்ற நூலை வெளியிட்டார். திரைக்குள் அடைபட்ட பெண்களுக்கு நேர்ந்தவற்றைச் சின்னச் சின்னச் சம்பவங்களாக அடுக்கிய நூல் அது. அந்நியர் கண்ணில் படக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக, ஆபத்திலும் குரல் கொடுக்காத பெண்களை அதில் பார்க்கலாம். திரை விலக்கிப் பார்க்கும் உரிமை அவர்களிடம் இல்லை. மறைத்தல் அருள் என்று மேலே சொன்னதை இந்த நூலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சித்தாந்தம் சொன்ன மறைப்புக்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. அங்கே மறைப்பு, மறைப்பவனின் வசதிக்காக அல்ல, உயிரின் நன்மைக்காக, என்றைக்காவது விலகுவதற்காக. இந்த இரண்டும் இல்லாத திரைக்கு எந்தச் சாத்திரத்தைக் காட்டினாலும் அருள் என்ற பெயர் பொருந்தாது. ஒரு வீட்டு ஜன்னலையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். திரை யாருடைய நிம்மதிக்காகத் தொங்குகிறது? அதை விலக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது?

துணிக்கடையில் நிற்பவருக்கும் இந்தக் கேள்விகள் உதவும். நெட் துணி போட்ட ஜன்னல் வழியே பகலில் உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும். தெருவில் போகிறவருக்கு வீடு தெரியாது. விளக்குப் போட்ட நொடியில் அது தலைகீழாகிறது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே பார்க்கப்படும். அதனால் ஒரே திரையால் இரவையும் பகலையும் சமாளிக்க முடியாது; மெல்லியது ஒன்று, கெட்டியானது ஒன்று என இரண்டு கம்பிகளில் போடுவதே சரி. ஜன்னல் அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி எடுத்தால்தான் மடிப்பு விழும், இடுக்கு தெரியாது. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். நனைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுக்க வேண்டும். மேற்கு வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும், இழையையும் இற்றுப்போக வைக்கும். அங்கே பின்புறம் லைனிங் இல்லாமல் நல்ல துணி போடுவது வீண். கெட்டித் திரைகளில் தூசு அடையும். இழுப்பு இருப்பவர் தூங்கும் அறையில் அடிக்கடி துவைக்கக்கூடிய லேசான பருத்தியே நல்லது. கொக்கிகளைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த நீரில் துவைத்து, லேசான ஈரத்தோடு திரும்ப மாட்டினால் துணி தன் பாரத்திலேயே சுருக்கம் நீங்கித் தொங்கும்.

இன்னும் ஒன்று, நிறத்தையும் விலையையும் பேசும்போது பலரும் விட்டுவிடுவது. பிளைண்ட்ஸ் மாட்டும் வீட்டில் தொங்கும் கயிற்று வளையம் கைக்குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடக்கூடியது. கயிறு இல்லாத வகையே வேண்டும், இல்லாவிட்டால் கயிறு குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டப்பட வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாத முதியவரின் அறையில் நேர்மாறு: திரையை இழுக்கும் கம்பு, படுத்தபடியே அவர் கை நீட்டினால் எட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும்.