யாருமே சொல்லவில்லையே!

கார் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், கவனித்திருப்பீர்கள். எண்ணெய்க் குவளை மாதிரி படம், மூக்கில் ஒரு சொட்டு. என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். ஓடும்போது எரிந்தால், உள்ளே ஆயில் பிரஷர் இல்லை என்று அர்த்தம். வண்டியை உடனே ஓரங்கட்ட வேண்டும். பிரஷர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே பேரிங்குகள் தேய்ந்து என்ஜின் இறுகிவிடலாம்.

ஆனால் பலர் என்ன சொல்கிறார்கள்? "சென்சார் கம்ப்ளெயின்டா இருக்கும், விடுங்க சார்!" கெட்ட செய்தி வந்தால் முதல் சந்தேகம், அதைக் கொண்டுவந்தவன் மேல்தான்.

சென்சாரும் பொய் சொல்லும், மறுக்கவில்லை. அதைச் சோதிக்க முறை இருக்கிறது. சாதாரண ஸ்விட்ச் உள்ள வண்டிகளில் மெக்கானிக் முதலில் ஸ்விட்சிலிருந்து வயரைக் கழற்றுவார். அப்போதும் விளக்கு எரிந்தால், வயர் எங்கேயோ உரசி பாடியில் ஷார்ட் ஆகியிருக்கிறது. அணைந்தால் வயரில் குற்றமில்லை. ஒன்று ஸ்விட்ச் கெட்டிருக்கிறது, அல்லது நிஜமாகவே பிரஷர் இல்லை. அவசரக்காரர் இங்கேதான் புது ஸ்விட்ச் மாட்டுவார். நல்ல மெக்கானிக் ஸ்விட்சைக் கழற்றி, அதே துளையில் கேஜ் மாட்டி, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். சொன்னவனைச் சந்தேகிக்கலாம், தப்பில்லை. ஆனால் சொன்ன விஷயத்தைச் சோதிக்காமல் சந்தேகிக்கக் கூடாது.

இதைவிட ஆபத்தான கோளாறு ஒன்று உண்டு. வயர் அறுந்துபோவது. அப்போது விளக்கு எரியவே எரியாது. ஓட்டுகிறவர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார்! அதனால்தான் சாவி போட்டதும் அந்த விளக்கு ஒருமுறை எரிகிறது. 'எனக்குக் குரல் இருக்கிறது' என்று காட்டத்தான்.

இப்போதைய பல சென்சார்களில் இன்னொரு தந்திரம். பிரஷர் பூஜ்யம் என்றால் பூஜ்ய வோல்ட் அனுப்புவதில்லை, அரை வோல்ட் அனுப்புகின்றன. வோல்டேஜே இல்லை என்றால், பிரஷர் இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டாது. சர்க்யூட்டில் கோளாறு என்று புரிந்துகொள்ளும். 'சொல்ல ஒன்றுமில்லை' என்பது வேறு, 'சொல்ல ஆளில்லை' என்பது வேறு.

1979 மார்ச் 28. அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். ஒரு வால்வின் விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். மூடச் சொல்லி உத்தரவு போனதைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு திறந்தே சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அணு உலையின் மையப் பகுதி பெருமளவு உருகியது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பையன் பரீட்சையில் ஃபெயில். அலுவலகத்தில் பெரிய நஷ்டம். அம்மாவுக்கு ஆறு மாதமாக நெஞ்சு வலி. உடனே சொல்கிறோம்: "எங்கிட்ட யாருமே சொல்லலியே!"

இது நியாயமான பதிலா? போன தடவை மார்க் குறைந்தபோது பெல்ட்டைக் கழற்றியது யார்? கணக்கு உதைக்கிறது என்ற குமாஸ்தாவை, "உம்ம வேலையைப் பாரும்" என்றது யார்? "உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு" என்று அம்மாவிடம் சலித்துக்கொண்டது யார்? வயரைப் பிடுங்கியவர், விளக்கு எரியவில்லை என்று புகார் சொல்லலாமா? தெரியாமல் போனது குற்றமில்லை. தெரியவிடாமல் செய்துகொண்டது குற்றம்தான்.

"எப்போதும் புலம்புகிறவரை என்ன செய்வது?" என்பீர்கள். எரிந்துகொண்டே இருக்கிற விளக்கை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, சரி. அதற்காக என்ஜின் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? கேஜை எடுத்துக்கொண்டு நேரே போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

உங்கள் வீட்டில் கடைசியாக உங்களிடம் குறை சொன்னவர் யார்? அவருக்கு என்ன பதில் கிடைத்தது? அதன் பிறகு அவர் வாய் திறந்தாரா?