கறுத்த தோளில் தங்கும் ஒளி

ஓவியர் இளையராஜா வரைந்த கிராமத்துப் பெண்களைப் பார்த்துச் சிலர் கேட்பார்கள்: ‘இதுக்கு போட்டோவே எடுத்திருக்கலாமே?’ அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. அடுப்படியில் நிற்பவளின் களைப்பை விட்டுவிட்டு அழகை மட்டும் வரைவது அவள் உழைப்பை மறைப்பதாகாதா?

ஆகலாம். அந்த ஜன்னல் வெளிச்சத்தில் கூலியும் கடனும் தெரிவதில்லை. ஆனால் களைப்பை மட்டும் காட்டும் படமும் பாதி மனுஷியைத்தான் காட்டுகிறது. நம் கண்களோ சிவப்பழகு க்ரீம் விளம்பரங்களுக்குப் பழகியவை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 2021இல் கொரோனாவில் மறைந்த இந்த மனிதர், கறுத்த தோளில் ஒளி எப்படித் தங்குகிறது என்று பொறுமையாகப் பார்த்தார். யாரும் நின்று பார்க்காத ஒருத்தியை அத்தனை நேரம் பார்ப்பதே ஒரு மரியாதைதான். அவளுக்குக் கூலி என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. முகம் தெரிந்த ஒருத்தியைப் பற்றித்தான் இனி அதைக் கேட்க முடியும்.