வாக்கியம் முடியும் இடம்

ஆங்கில வாக்கியத்தின் இறுதியில் மூன்று குறிகளுள் ஒன்று நிற்க வேண்டும். கூற்றுக்கும் ஏவலுக்கும் முற்றுப்புள்ளி, கேள்விக்கு வினாக்குறி, வியப்புக்கும் உரத்த அழைப்புக்கும் உணர்ச்சிக்குறி. விதி இவ்வளவுதான். ஆனால் அதைக் கையாள, சொற்றொடர் எங்கே முடிகிறது, எந்தக் கருத்தோடு முடிகிறது என்ற இரண்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த முடிவு சொல்லிலேயே இருக்கிறதா, சொன்னவர் உள்ளத்தில் இருக்கிறதா, படிப்பவரின் தீர்ப்பா என்பது பழைய தத்துவக் கேள்வி. குறிகள் இல்லாமல் எழுதப்பட்ட சமய நூல்களில் இக்கேள்விக்கு எடை அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய திருப்பாவை அதற்கு நல்ல சான்று.

தமிழில் வாக்கியத்தின் முடிவைப் பெரும்பாலும் வினைமுற்றே காட்டிவிடுகிறது. கேள்வியைக் காட்ட ஆ, எ, ஏ, ஓ, யா என்னும் ஐந்து வினா எழுத்துகளை நன்னூல் தொகுத்துக் கூறுகிறது. ‘வருகிறாய்’ என்பது ‘வருகிறாயா’ என்று ஆனதுமே கேள்வி பிறந்துவிடும். குறி இல்லாவிட்டாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் ‘யூ ஆர் கமிங்’ என்ற தொடர், சொற்கள் மாறாமலே கூற்றாகவும் கேள்வியாகவும் நிற்கும். பேச்சில் குரலும் எழுத்தில் குறியுமே அவற்றை வேறுபடுத்தும். ‘கோவில் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார்’ என்பது போன்ற தொடரை ஆங்கிலத்தில் எழுதும்போது, உள்ளே கேள்வி இருப்பதால் வினாக்குறி இட்டுவிடும் வழக்கம் உண்டு. அது பிழை. அங்கே எழுதுகிறவர் எதையும் கேட்கவில்லை. ஒருவர் கேட்டதாகச் சொல்கிறார். ஆகவே முற்றுப்புள்ளிதான் பொருந்தும். வினாச்சொல் இருப்பதாலேயே ஒரு தொடர் கேள்வியாகிவிடாது, சொல்பவரின் நோக்கமே குறியைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த ஓர் இடமே காட்டிவிடும்.

குறிகளின் வரலாறும் குரலிலிருந்தே தொடங்குகிறது. கி.மு. 200ஐ ஒட்டி, அலெக்சாந்திரியா நூலகத்து அறிஞர் அரிஸ்டோஃபனீஸ், வாய்விட்டுப் படிப்பவர் எங்கே எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று காட்டவே புள்ளிகளை வகுத்தார். வினாக்குறியின் மூல வடிவம் ஐரோப்பிய மடாலயச் சுவடிகளில் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. ஆண்டாளின் காலமாக ஆய்வாளர் பலர் கருதுவதும் 8, 9ஆம் நூற்றாண்டுகளையே. தமிழ் ஏடுகளில் அத்தகைய குறிகள் இல்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளிகூடப் பெரும்பாலும் இடப்படவில்லை. அச்சு வந்த பிறகே ஐரோப்பியக் குறிகள் தமிழில் நிலைபெற்றன. தமிழ் உரைநடையில் அவற்றைச் சீராகக் கையாண்டு பரப்பிய பெருமை ஆறுமுக நாவலருக்கு (1822–1879) உரியது.

குறியில்லாத நூலில் வாக்கியத்தின் எல்லையை அறிவது எப்படி என்று முறையாக ஆராய்ந்தவர்கள் வேத விளக்க மரபினரான மீமாம்சகர். ரிக் மந்திரங்களுக்கு யாப்பு எல்லை காட்டும். சாமத்துக்கு இசை காட்டும். யஜுஸ் மந்திரங்களோ உரைநடை. அவற்றில் ஒரு மந்திரம் எங்கே முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது வேள்வி செய்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். அம்மரபின் மூல ஆசிரியர் ஜைமினியின் சூத்திரம் (2-1-46) இதற்கு இரண்டு நிபந்தனைகளைத் தருகிறது. சொற்கள் சேர்ந்து ஒரே பயனைத் தர வேண்டும்; பிரித்தால் ஒன்று மற்றொன்றை எதிர்பார்த்து நிற்க வேண்டும். அந்த எதிர்பார்ப்பு தீரும் இடமே வாக்கியத்தின் முடிவு. இலக்கண அறிஞர் பர்த்ருஹரி இன்னும் ஒரு படி மேலே சென்று, வாக்கியம் பகுக்க முடியாத ஒரே பொருள், சொற்களாகப் பிரிப்பது கற்பிக்கும் வசதிக்காகவே என்றார். இருவர் கருத்திலும் முடிவு என்பது பொருளைச் சார்ந்தது, தாளில் இடும் கோட்டைச் சார்ந்தது அன்று.

திருப்பாவையின் 30 பாசுரங்களுள் இரண்டு இதைத் தெளிவாக்கும். 9ஆம் பாசுரத்தில், எழாமல் கிடக்கும் பெண்ணின் தாயிடம் தோழியர் ‘இவள் ஊமையோ, செவிடோ’ என்ற தோரணையில் அடுக்கிக் கேட்கிறார்கள். ஓகார ஈறுகள் கேள்வியைக் காட்டிவிடுகின்றன. ஆனால் அவர்கள் விடையை எதிர்பார்க்கவில்லை. கேள்வியின் வடிவில் கேலியும் ஆற்றாமையும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் வினாக்குறி இட்டால் வடிவம் நிற்கும்; உணர்ச்சிக்குறி இட்டால் நோக்கம் நிற்கும். இரண்டையும் ஒரே குறியால் காக்க முடியாது.

15ஆம் பாசுரம் முழுதும் உரையாடல். வெளியே நிற்பவர்களும் உள்ளே இருப்பவளும் மாறி மாறிப் பேசுகிறார்கள். மூலத்தில் மேற்கோள் குறி இல்லை. யார் பேசுகிறார் என்ற குறிப்பும் இல்லை. பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படி, அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆறாயிரப்படி முதலான உரைகள்தாம் கூற்றுகளைப் பிரித்துக் காட்டுகின்றன. பிறர் சுமத்திய குறையை ‘அது என்னுடையதாகவே இருக்கட்டும்’ என்று உள்ளே இருப்பவள் ஏற்கும் இடத்தை வைணவ நெறியின் உயிர்நிலையாக உரை மரபு போற்றுகிறது. அதைச் சலிப்பாகப் படித்தால் தோழியர் சண்டை. பணிவாகப் படித்தால் அடியார் இலக்கணம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவிலின் அரையர் சேவையில் பாசுரத்தைப் பாடி, ஒரே அடிக்கு வெவ்வேறு அபிநயம் காட்டி, உரையும் சொல்லும் மரபு இருக்கிறது. குறி செய்யும் வேலையை அங்கே குரலும் கையும் செய்கின்றன.

பிற சமயங்களிலும் இச்சிக்கல் உண்டு. குர்ஆன் 3ஆம் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தில், இறைவனைக் குறிக்கும் சொல்லுக்குப் பின் நிறுத்தினால் சில வசனங்களின் ஆழ்பொருளை அவன் ஒருவனே அறிவான் என்றாகும். நிறுத்தாமல் சென்றால் கல்வியில் உறுதி பெற்றவர்களும் அறிவார்கள் என்றாகும். லூக்கா 23:43இல் ‘இன்று’ என்ற சொல்லுக்கு முன் காற்புள்ளி இடுவதா பின் இடுவதா என்பதைப் பொறுத்து, இறந்தவர் உடனே பரதீசு சேர்வாரா என்ற கொள்கை மாறுகிறது.

ஆகவே எழுதுபவர் தம் வாக்கியத்தில் குறியிடும்போது சொல்லின் வடிவத்தைவிடத் தம் நோக்கத்தையே பார்க்க வேண்டும். அது அவருக்கு உரிமையும் கடமையும் ஆகும். முன்னோர் நூலில் குறியிடுபவரின் நிலை வேறு. அவர் இடும் ஒவ்வொரு முற்றுப்புள்ளியும் வினாக்குறியும் மூலத்தின் பகுதி அன்று. அவர் எழுதும் உரையின் பகுதி. அச்சுப் பதிப்பைப் படிப்பவரும் அவற்றை அப்படியே கொள்ள வேண்டும்.