விதைநெல்லை இன்று சமைக்க முடியுமா?



போன மாதத் திருமுறை வகுப்பில் இளையான்குடி மாற நாயனார் கதையைச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை, உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். அடியார்களுக்குச் சோறு போட்டே செல்வமெல்லாம் கரைந்துபோன வீடு. மழை கொட்டும் இரவு. பசியோடு ஓர் அடியார் வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை, கடன் கேட்கவும் இடமில்லை. வழி சொல்பவர் அம்மையார்தான். பகலில் விதைத்த நெல் வயலில் கிடக்குமே, வாரி வந்தால் சமைத்துவிடலாம் என்கிறார். நாயனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் இறங்குகிறார். காலால் தடவித் தடவி வழி கண்டு, மழைநீரில் ஒதுங்கிய முளைநெல்லை அள்ளி வருகிறார். விறகு இல்லை, கூரைக் கழியை அறுத்து அடுப்பில் வைக்கிறார்கள். கறிக்குக் கொல்லைக் குழியில் கிடந்த இளங்கீரை. அந்த ஒரே கீரையை அம்மையார் பலவகையாகச் சமைக்கிறார். சாப்பிட எழுப்பினால் அங்கே விருந்தாளி இல்லை, சோதி நிற்கிறது.

கதை முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி, இரண்டாம் படிவம் படிக்கிறவன், கையைத் தூக்கினான்.

"அண்ணே, விதையைச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதா? எங்க அப்பா வாங்குற வெதைப் பாக்கெட்டுல சாப்பிடக்கூடாதுன்னு போட்டிருக்கே?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏன்னா அவன் சொன்னது சரி. இன்று கடையில் கிடைக்கும் விதைகளில் பல பூஞ்சைக்கொல்லி பூசி வருகின்றன. தெரியாமல் யாரும் தின்றுவிடக்கூடாது என்றுதான் அவற்றுக்கு இளஞ்சிவப்போ பச்சையோ சாயம் ஏற்றுகிறார்கள். அந்த மாதிரி விதையை நாயனார் வாரி வந்திருந்தால், அம்மையார் எத்தனை முறை கழுவியிருந்தாலும் அது அமுதாகியிருக்காது. அவர்கள் பக்தியில் ஒரு குறையும் இல்லாமலே விருந்தாளிக்கு விஷம் வைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து இதுவே மனதில் ஓடுகிறது. குளித்துவிட்டுச் சமைக்கிறோம், ருசி பார்க்காமல் படைக்கிறோம். நிவேதனத்தின் சுத்தம் நமக்கு அடுப்படியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் அந்தப் பொருள் எந்த மண்ணில், யார் கையால் வளர்ந்தது என்று கேட்கிறோமா?

யார் கை என்றால், என் வீட்டில் அது பாட்டியின் கை. செம்பனைத் தோட்டத்தில் பதினாறு வருடம் மருந்து அடித்தவர். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து, மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் சாகும்படி அடிக்கவேண்டும். கிழிந்த கையுறைக்கு மாற்று கேட்டால் கிடைக்காது. வெயிலில் முகத்தைத் துணியால் மூடினால் மூச்சு முட்டும். பாட்டிக்கு நகம் கறுத்து விழுந்திருக்கிறது, மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது. "அப்பல்லாம் அது மருந்துன்னுதான்யா சொன்னாங்க, விஷம்னு யாரு சொன்னா?" என்பார். அதன் பெயர் பாராகுவாட். உடம்புக்குள் போனால் முறிவு மருந்து கிடையாது, நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும்.

தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலை பற்றித் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஆய்வு வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் அதைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவே 18 வருடம். அந்தத் தோட்டங்களின் எண்ணெயில்தான் நம் கோயில்களில் வடை சுட்டோம்.

அதனால்தான் சொல்கிறேன், இயற்கை விவசாயத்தின் பயனைப் பேசும்போது முதலில் நம் உடம்பைப் பேசாதீர்கள். முதல் பயன் மருந்தடிக்கும் கைக்கு. நம் உடம்புக்கு என்ன பயன் என்பதில் ஆய்வாளர்களே ஒரே குரலில் பேசவில்லை. 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு, சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. 2014-இல் 343 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு குழு, இயற்கை விளைச்சலில் காட்மியம் குறைவு என்றும், வழக்கமான விளைச்சலில் பூச்சிமருந்து எச்சம் நான்கு மடங்கு அதிகமாகத் தென்படுகிறது என்றும் சொன்னது. எச்சம் குறைவு என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. எனக்கு அது போதும். இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் போகும் என்று வாட்சாப்பில் வருவதை மட்டும் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

நான் படிப்பது ரசாயனப் பொறியியல். ஹேபர்-பாஷ் முறையை வகுப்பில் படித்தபோது வியந்துபோனேன். காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்க 400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப்போல் 150 மடங்குக்கும் மேலான அழுத்தமும் தேவை. ஹைட்ரஜனுக்குப் பெரும்பாலும் இயற்கை எரிவாயு. அப்படிச் செய்த உரத்தில் பயிர் எடுத்துக்கொள்ளாதது மழையில் ஆற்றுக்குப் போகிறது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போய், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. அதே வேலையைப் பயற்றஞ்செடியின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா செய்கிறது, நம் கொல்லை மண்ணின் சூட்டிலேயே, சத்தமில்லாமல். ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நறுக்கிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாமல் உலகை நடத்துகிறவன் என்று இறைவனைப் பாடுகிறோமே, எனக்கு அது புரிந்தது அந்த வேரைப் பார்த்தபோதுதான்.

ஆனால் ரசாயன உரத்தை அரக்கனாக்கவும் மனம் வரவில்லை. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் சோறு அதை நம்பியிருக்கிறது. இயற்கை முறையில் விளைச்சல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. இலங்கையில் 2021-இல் ரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கினார்கள். தைத்திரீய உபநிடதத்தில் பிருகு தன் தந்தை வருணனிடம் பிரம்மம் எது என்று கேட்கிறார். தவம் செய்து முதலில் கண்டது உணவு. அங்கிருந்து பிராணன், மனம், அறிவு, ஆனந்தம் என்று ஏறுகிறார். ஏறி முடிந்ததும் உபநிடதம் மறுபடி உணவுக்கே இறங்கி வந்து, உணவை இகழாமல் இருப்பதையும் உணவைப் பெருக்குவதையும் விரதமாக வைக்கிறது. இந்த இரண்டு விரதத்தையும் சேர்த்துக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது. என்னிடம் முழு விடை இல்லை.

விலையும் இருக்கிறது. வேளாண்மைத் துறையின் மைஆர்கானிக் முத்திரை போட்ட கீரை எங்கள் தாமான் பக்கத்துப் பேரங்காடியில் பசார் மாலாம் கீரையைவிட இரண்டு மடங்கு. வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். முடியாதவர்கள் காங்கோங் தண்டை ஒரு தொட்டியில் ஊன்றிப் பாருங்கள், ஒரு மாதத்தில் கிள்ளலாம்.

எங்கள் இளைஞர் குழு கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் எருக்குழி போட்டிருக்கிறது. காய்கறித் தோல், வாழையிலை, சாமிக்குச் சாத்திய பூ, அதன்மேல் காய்ந்த சருகு. முதல் வாரம் நாறியது, தலைவர் கோபித்துக்கொண்டார். ஈரம் அதிகம், சருகு போதவில்லை. சரிசெய்த பிறகு உள்ளே 55 பாகை வரை ஏறியது (ஆய்வுக்கூட வெப்பமானியைக் கேட்டு வாங்கித்தான் பார்த்தேன்). இப்போது அந்த எருவில் வெண்டையும் பயறும் நிற்கின்றன. முதல் காய் பெருமானுக்கு என்று பாட்டி சொல்லிவிட்டார். பூச்சி ஓட்டை போட்ட இலைகளையும் அவர் எறிய விடுவதில்லை.

வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்ததும் வாளி தூக்க இரண்டு பேர் குறைகிறது. மாலைகளில் ஜரிகையும் பிளாஸ்டிக் நூலும் இருக்கும், அதைப் பிரிக்கத்தான் நேரமாகிறது. வருகிறவர்கள் பழைய சட்டையும் ஒரு கத்தரிக்கோலும் கொண்டு வாங்க.